கண் காணா ஒளியின் வரலாறு

ஓர் அறிஞரின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. அவர் எழுதிய நூலைத் திறந்து, அதில் அவர் சொன்னது எது, சொல்லாதது எது என்று பிரித்தறிவது கடினம். ஒளியின் வரலாறு பேசப்படும் நம்மவர் மேடைகளில் இப்னுல் ஹைதமின் பெயர் முழங்கப்படுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வித்திட்டவர் அவரே என்றுகூடச் சிலர் துணிந்து கூறிவிடுகின்றனர். மறுபுறத்தில், பாடநூல்கள் பலவும் அக்கதையை நியூட்டனிடம் தொடங்கி, அவருக்கு அறுநூறு ஆண்டுகள் முந்தியவரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் கடந்து செல்கின்றன. முன்னது மிகை, பின்னது குறை. இரண்டுமே வரலாறு ஆகா.

ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பை ஏற்பதற்கு முன் அதன் ஸனதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, ஒவ்வொரு கண்ணியாக ஆராய்வர். யார் யாரிடமிருந்து பெற்றார்? பெற்றதைச் சரியாகக் கொடுத்தாரா? இடையில் கண்ணி எதுவும் அறுந்துள்ளதா? மின்காந்த அலைகள் மனிதனின் அறிவுக்கு எட்டிய வரலாற்றையும் இவ்வாறே கண்ணி கண்ணியாக ஆராய்ந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனாளிர் தந்த முறை

ஹிஜ்ரி 354-ஐ ஒட்டி (கி.பி. 965) பஸ்ராவில் பிறந்து, ஹிஜ்ரி 430-ஐ ஒட்டி (கி.பி. 1040) கெய்ரோவில் மறைந்தவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம். ஏழு பகுதிகளைக் கொண்ட அவருடைய 'கிதாபுல் மனாளிர்' பார்வையையும் ஒளியையும் பற்றிய பெருநூல். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் கருதியிருந்தனர். இப்னுல் ஹைதம் அதனை மறுத்தார். கடும் வெளிச்சத்தை நோக்கினால் கண் நோகிறது. பார்வையைத் திருப்பிக்கொண்ட பின்னரும் அதன் சாயல் கண்ணில் தங்கி நிற்கிறது. ஆகவே, ஏதோ ஒன்று வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது. கண்ணிலிருந்து எதுவும் வெளியே செல்லவில்லை என்பது அவர் கண்ட முடிவு.

அவர் செய்து காட்டிய சோதனைகளுள் ஒன்றை நாம் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். சிறு துளையுடைய ஓர் இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளைத் தனித்தனி இடங்களில் வைத்தார். உள்ளே சுவரில், விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான பொட்டு மட்டும் மறைந்தது. ஏனையவை மாறாமல் நின்றன. எல்லா ஒளியும் அந்த ஒரே துளையின் வழியாகத்தான் வந்தது. எனினும் ஒன்றோடொன்று கலந்து சிதையவில்லை. இன்று ஒரே சன்னலின் வழியே பல வானொலி நிலையங்களின் அலைகள் ஒருங்கே நுழைந்தும், நாம் விரும்பும் நிலையத்தை மட்டும் பிரித்துக் கேட்க முடிகிறதே, அதற்கு அடிப்படையாக உள்ள இயல்பும் இதுவே.

இவ்வாறு சோதித்தறிவதற்கு இப்னுல் ஹைதம் வழங்கிய பெயர் 'இஃதிபார்' என்பதாகும். ஓர் அறிவிப்புக்கு வேறு வழிகளில் துணைச் சான்று உண்டா என்று தேடுவதற்கு ஹதீஸ் கலையினரும் இதே சொல்லைத்தான் ஆளுகின்றனர் என்பதை அரபு மத்ரஸாக்களில் ஓதியோர் அறிவர். இருதுறைப் பொருளும் ஒன்றல்ல. ஆயினும் சொன்னவரின் பெருமையைக் கொண்டு ஏற்காமல், சான்றைக் கொண்டு ஏற்பது என்னும் உணர்வு இரண்டிலும் பொதுவானது.

அவருடைய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது. கீழை நாட்டில், கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ அதற்கு 'தன்கீஹுல் மனாளிர்' என்னும் விளக்கவுரை எழுதினார். நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தை ஒரு பெரிய மழைத்துளியாகப் பாவித்து, வானவில் தோன்றும் விதத்தை அவர் ஆராய்ந்தார். இவையனைத்தும் உண்மை. ஆனால், ஒளி ஓர் அலை என்றோ, மின்சாரத்துக்கும் அதற்கும் உறவு உண்டு என்றோ இவர்களில் எவரும் கூறவில்லை. கூறாததைக் கூறியதாக ஏற்றிச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அலை என்பது யாது?

வரலாற்றைத் தொடரும் முன்னர்ப் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். குளத்தில் கல்லெறிந்தால் நீர் மேலும் கீழும் அசைகிறது. அந்த அசைவு கரையை நோக்கிப் பரவுகிறது. நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, அசைவுதான் பயணம் செய்கிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள தூரம் அலைநீளம். வினாடிக்கு எத்தனை முறை அசைவு நிகழ்கிறது என்பது அதிர்வெண். இரண்டையும் பெருக்கினால் அலையின் வேகம் கிடைக்கும்.

மின்காந்த அலையில் அசைவது நீருமன்று, காற்றுமன்று. மின்னூட்டம் பெற்ற பொருளைச் சுற்றி ஒரு மின்புலமும், காந்தத்தைச் சுற்றி ஒரு காந்தப்புலமும் உள்ளன. மின்னூட்டத்தை விரைந்து அசைத்தால் அதனைச் சூழ்ந்த மின்புலம் மாறுகிறது. மாறும் மின்புலம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கிறது. மாறும் காந்தப்புலம் மீண்டும் மின்புலத்தைப் பிறப்பிக்கிறது. இவ்வாறு ஒன்றையொன்று ஈன்றவாறே இரண்டும் வெளியில் பரவிச் செல்கின்றன. வெற்றிடத்தில் அவற்றின் வேகம் வினாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர். 1983 முதல் மீட்டர் என்னும் அளவே இவ்வேகத்தை அடிப்படையாகக் கொண்டு வரையறுக்கப்பட்டுள்ளது.

வேகம் ஒன்றே, அலைநீளம்தான் வேறு. வினாடிக்கு 10 லட்சம் முறை அதிரும் மத்திய அலை வானொலியின் அலைநீளம் 300 மீட்டர். 10 கோடி முறை அதிரும் பண்பலையின் அலைநீளம் 3 மீட்டர். சமையலறை நுண்ணலை அடுப்பில் அது 12 சென்டிமீட்டர் அளவாகச் சுருங்குகிறது. மேலும் சுருங்கினால் வெப்பமாக உணரப்படும் அகச்சிவப்பு. அதற்கும் அப்பால் கண்ணுக்குப் புலனாகும் ஒளி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அக்கூறுகளில் ஏறத்தாழ 400 முதல் 700 வரையுள்ள நீளமே நம் கண் அறியும் ஒளி. அதனினும் குறுகியவை புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர் என்பன. இப்பெரும் வரிசையில் நம் கண்ணுக்குக் கிடைத்திருப்பது ஒரு சிறு சாளரமே.

அச்சாளரத்துக்கு வெளியேயும் ஒன்று உண்டென்பது முதன்முதலில் தெரிய வந்தது 1800-இல். வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில், வெப்பம் மிகுந்திருந்தது. அடுத்த ஆண்டிலேயே ஜெர்மானியரான ரிட்டர், ஊதாவுக்கு அப்பால் உள்ள இருட்டிலும் வெள்ளி உப்பு கருமையடைவதைக் கண்டார். ஒளியின் உறவினர்கள் இருவர் இவ்வாறு கண்டுகொள்ளப்பட்டனர். ஆனால் ஒளி என்பதே யாதென்று எவரும் அறிந்தாரில்லை. தாமஸ் யங் என்பார் இரு ஒளிக்கற்றைகள் சேருமிடத்தில் இருளும் ஒளியும் மாறி மாறித் தோன்றுவதைக் காட்டி, ஒளி அலையே என்று வாதிட்டார். எதன் அலை என்னும் வினா எஞ்சி நின்றது.

நூல் கட்டும் தொழிலாளியும் கணித மேதையும்

விடை, ஒளியோடு தொடர்பே இல்லாததாகத் தோன்றிய துறையிலிருந்து வந்தது. 1820-இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பிக்கு அருகில் திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமெனில், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? 1831-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மாறும் காந்த விசை மின்னோட்டத்தைத் தூண்டும் என மெய்ப்பித்தார்.

ஃபாரடே கொல்லர் ஒருவரின் மகன். இளமையில் நூல் கட்டும் கடையில் வேலை பழகியவர். தம் கைக்கு வந்த நூல்களைப் படித்தே அறிஞரானவர். உயர்கணிதம் அவருக்குத் தெரியாது. ஆனால் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வகுத்துக் காட்டும் கோடுகளை அவர் வெறும் கோலமாகக் கருதவில்லை; வெளியில் மெய்யாகவே ஏதோ ஒன்று விரவியிருக்கிறது என நம்பினார். 1845-இல், கனத்த கண்ணாடி ஒன்றின் வழியே சென்ற ஒளியின் அதிர்வுத் தளத்தைக் காந்த விசை திருப்பி விடுவதைக் கண்டார். ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டென்பதற்குக் கிடைத்த முதல் நேர்ச்சான்று அது. அடுத்த ஆண்டே, ஒளி என்பது அவ்விசைக் கோடுகளின் நடுக்கமாக இருக்கலாம் என்னும் ஊகத்தையும் வெளியிட்டார். கணிதம் இல்லாத ஊகம் என்று பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். ஃபாரடே மின்தூண்டலைக் கண்ட அதே 1831-இல் எடின்பரோவில் பிறந்தவர், கணிதத்தில் தோய்ந்தவர். தம்மினும் நாற்பது வயது மூத்த அந்த நூல்கட்டியின் கருத்தை அவர் இகழவில்லை. அதற்குக் கணித மொழி தந்தார். 1857-இல் ஃபாரடே அவருக்கு எழுதிய மடலில், கணித அறிஞர்கள் தாம் கண்ட முடிவுகளைக் கணிதம் அறியாதோரும் பயன்கொள்ளும்படி எளிய மொழியில் தரலாகாதா என்று பணிவுடன் வினவியிருந்தார். கற்றோரை நோக்கிக் கல்லாதோர் என்றும் கேட்டுக்கொண்டிருக்கும் வினா அது. மாக்ஸ்வெல் அதற்குத் தகுதியான செவியாக அமைந்தார்.

ஓர் எண் சொன்ன சாட்சி

மாறும் காந்தப்புலம் மின்புலத்தைத் தரும் என்பது ஃபாரடே கண்டது. மாறும் மின்புலமும் காந்தப்புலத்தைத் தர வேண்டும் என்பது மாக்ஸ்வெல் சேர்த்தது. இவ்விரண்டையும் இணைத்தபோது, புலங்களின் அசைவு அலையாகப் பரவ வேண்டும் என்று கணிதம் கூறிற்று. எவ்வளவு வேகத்தில்?

அவ்வேகத்தைக் காண வேண்டிய அளவு ஏற்கெனவே அளக்கப்பட்டிருந்தது. 1856-இல் ஜெர்மனியில் வெபரும் கோல்ராஷும், லெய்டன் சாடியில் சேமித்த மின்னூட்டத்தை இருவேறு முறைகளில் அளந்து ஒரு விகிதத்தை வெளியிட்டிருந்தனர். அச்சோதனையில் ஒளிக்கு எந்தப் பங்கும் இல்லை. அவ்விகிதத்தைக் கொண்டு மாக்ஸ்வெல் கணக்கிட்ட வேகம் வினாடிக்கு 3,10,740 கிலோமீட்டர். பிரான்சில் ஃபிஸோ என்பார், சுழலும் பற்சக்கரத்தின் இடைவெளி வழியே ஒளியைச் செலுத்தி 1849-இல் அளந்திருந்த ஒளியின் வேகமாக மாக்ஸ்வெல் எடுத்துக்கொண்டது 3,14,858 கிலோமீட்டர்.

ஒருவரையொருவர் கலந்து பேசாத இரு சாட்சிகள் ஒன்றையே சொன்னால் நீதிபதி என்ன கருதுவார்? ஒருவர் சாடியையும் கம்பிச்சுருளையும் வைத்து அளந்தார். மற்றவர் பற்சக்கரத்தையும் கண்ணாடியையும் வைத்து அளந்தார். இரண்டும் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவும் வேறுபடவில்லை. ஒளி என்பது மின்காந்த அலையே என்னும் முடிவை 1862-இல் மாக்ஸ்வெல் வெளியிட்டார். 1864 டிசம்பரில் ராயல் சொசைட்டியில் படித்து 1865-இல் அச்சான கட்டுரையில் அதனை முழுமையாக நிறுவினார். அக்கட்டுரையில் இருபது சமன்பாடுகள் இருந்தன. இன்று மாணவர்கள் பயிலும் நான்கு சமன்பாடுகளாக அவற்றைச் சுருக்கித் தந்தவர்களுள் முதன்மையானவர் ஆலிவர் ஹெவிசைட். அவரும் பல்கலைக்கழகம் காணாதவர். தந்தி அலுவலகத்தில் பணியாற்றியவர்.

இருட்டில் தெரிந்த பொறி

மாக்ஸ்வெல் 1879-இல், 48 வயதில் மறைந்தார். தாம் சொன்ன அலையைச் சோதனையில் உண்டாக்கிக் காட்டியதை அவர் காணவில்லை. அப்பணி ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய இளைஞருக்கு வாய்த்தது.

1886 முதல் 1888 வரை கார்ல்ஸ்ரூ நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் செய்த சோதனைகள் பார்வைக்கு எளியவை. தூண்டுசுருளோடு இணைத்த இரு உலோகக் குண்டுகளுக்கு இடையே தீப்பொறி பாயச் செய்தார். அது மின்னூட்டத்தை மிக விரைந்து முன்னும் பின்னும் அலைக்கழித்தது. சற்றுத் தொலைவில், எதனோடும் இணைக்கப்படாத ஒரு கம்பி வளையம். அதில் மயிரிழை போன்ற ஓர் இடைவெளி. அங்கே பொறி பாய்ந்தால் நடுவெளியைக் கடந்து ஏதோ ஒன்று வந்தடைந்தது எனப் பொருள். பொறி பாய்ந்தது. சுவரில் பொருத்திய துத்தநாகத் தகட்டில் அலையை எதிரொளிக்கச் செய்து, வளையத்தை நகர்த்தி நகர்த்தி, பொறி வலுப்பதும் மறைவதுமான இடங்களைக் குறித்து அலைநீளத்தை அளந்தார். இறுகிய கீலால், 600 கிலோ அளவு எடையுள்ள முப்பட்டகம் ஒன்றை வார்த்து, கண்ணாடியில் ஒளி வளைவதுபோல் இவ்வலையும் வளைவதைக் காட்டினார். எதிரொளித்தல், விலகுதல், குறித்த ஒரு தளத்தில் அதிர்தல் ஆகிய ஒளியின் குணங்கள் அனைத்தும் இந்தக் கண் காணா அலைக்கும் இருந்தன.

அவருடைய வேகக் கணக்கில் நேர்ந்த ஒரு பிழையைப் பிரெஞ்சு அறிஞர் புவான்கரே சுட்டிக் காட்டினார். ஹெர்ட்ஸ் அதனை மறைக்கவில்லை. தம் ஆய்வுகளைத் தொகுத்து நூலாக்கியபோது வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பிழை திருத்தப்பட்டதால் கண்டுபிடிப்பு வலுத்ததேயன்றி மெலியவில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. வளையத்தின் நுண்பொறியைத் தெளிவாகக் காண்பதற்காக 1887-இல் ஹெர்ட்ஸ் அதனை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் அடைத்தார். பொறி முன்னிலும் குறுகிற்று. காரணத்தைத் தேடியபோது, முதற்பொறியிலிருந்து வரும் புற ஊதா ஒளி தடுக்கப்பட்டதே அதற்குக் காரணமெனக் கண்டார். ஒளி உலோகத்திலிருந்து மின்னூட்டத்தை வெளியேற்றும் இவ்விளைவை, ஒளி வெறும் அலை என்று கொண்டு விளக்க இயலவில்லை. 1905-இல் ஐன்ஸ்டீன், ஒளி ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது எனக் கொண்டு அதனை விளக்கினார். அலை என்று நிறுவிய அதே மேசையில், அலை மட்டுமன்று என்பதற்கான சான்றும் கிடைத்திருந்தது. ஹெர்ட்ஸ் அதனை வேண்டாத இடையூறாகத் தள்ளிவிடாமல் எழுதி வைத்ததால் அன்றோ பின்வந்தவர்க்கு அது பயன்பட்டது! 1894 ஜனவரி முதல் நாள், 37 வயதுகூட நிறையாமல் அவர் உயிர் நீத்தார்.

அறுந்துபோன ஒரு கண்ணி

ஹெர்ட்ஸுக்கு முன்னரே இவ்வலைகளை ஒருவர் பிடித்துவிட்டார் என்று சொன்னால் வாசகர் வியக்கக்கூடும். அவர் பெயர் டேவிட் ஹியூஸ். 1879-இல் லண்டனில், தம் வீட்டில் பொறியெழுப்பும் கருவியை இயங்க விட்டு, தொலைபேசிச் செவியுறுப்பைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து, சில நூறு கெஜத் தொலைவு வரை அதன் ஒலியைக் கேட்டார். 1880-இல் ராயல் சொசைட்டியின் தலைவரும், ஸ்டோக்ஸ் முதலிய பெரியோரும் வந்து பார்த்தனர். இஃது ஏற்கெனவே அறியப்பட்ட மின்தூண்டலே. புதியதன்று என்று ஸ்டோக்ஸ் தீர்ப்பளித்தார். மனம் தளர்ந்த ஹியூஸ் தம் ஆய்வை வெளியிடவேயில்லை. 1899-இல்தான் அச்செய்தி உலகுக்குத் தெரிய வந்தது. அதற்குள் ஹெர்ட்ஸின் புகழ் நிலைபெற்றுவிட்டது.

யாரைக் குறை கூறுவது? பெரியவரின் சொல்லுக்குச் சோதனையைப் பணிய வைத்தது ஒரு குறை. எழுதாமல் விட்டது மற்றொரு குறை. தாம் கேட்ட ஒலி எதனால் நிகழ்ந்தது என்பதை அளவைகளால் நிறுவாதது மூன்றாவது. அறிவு ஒருவர் நெஞ்சில் பிறந்தால் மட்டும் போதாது. அடுத்தவரிடம் அது ஒப்படைக்கப்படவும் வேண்டும். ஒப்படைக்கப்படாத அறிவு ஸனதில் இடம் பெறாது.

வானொலி யாருடைய சொத்து?

ஹெர்ட்ஸ் மறைந்த அதே ஆண்டில் ஆலிவர் லாட்ஜ் இங்கிலாந்தில் அவருடைய சோதனைகளை விளக்கிப் பேருரை நிகழ்த்தினார். பிரான்சில் பிரான்லி 1890-இல் கண்டிருந்த உலோகத்தூள் குழாய், கம்பி வளையத்தினும் நுட்பமாக அலையை உணர்ந்தது. 1895-இல் ரஷ்யாவில் பாப்பாவ், இத்தாலியில் மார்க்கோனி, கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ஆகிய மூவரும் தனித்தனியே இத்துறையில் முன்னேறினர்.

போஸ் சுவர்களைக் கடந்து அலையைச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். ஹெர்ட்ஸின் அலைகள் மீட்டர் கணக்கில் நீண்டிருக்க, போஸ் உண்டாக்கியவை சில மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகியவை. அந்நாளில் அது அரிய சாதனை. 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் அதனை விளக்கினார். வானொலி போஸுடையதே, மார்க்கோனி திருடிக்கொண்டார் என்று நம் நாட்டில் கூறுவோர் உண்டு. போஸ் காப்புரிமையே பெறவில்லை என்போரும் உண்டு. இரண்டும் முழுச் செய்தி அல்ல. காப்புரிமையில் அவருக்கு விருப்பம் குறைவு என்பது மெய். எனினும் நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பித்து, 1904-இல் அமெரிக்காவில் ஓர் உணர்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நாட்டம் அலையின் இயல்பை அறிவதில் இருந்தது. மார்க்கோனியின் நாட்டம் செய்தியை நெடுந்தொலைவு அனுப்புவதில் இருந்தது. 1901 டிசம்பரில் இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு அட்லாண்டிக் கடல் கடந்து சைகையைப் பெற்றதாக மார்க்கோனி அறிவித்தார். 1909-இல் ஜெர்மானியரான பிரவுனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒருவர் பங்கை ஒப்புக்கொள்வதற்கு மற்றவர் பங்கை மறுக்க வேண்டியதில்லை.

1895-இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1900-இல் வில்லார்ட் காமா கதிரைக் கண்டார். இவையும் ஒளியின் குடும்பத்தவையே என்பது பின்னர் உறுதியாயிற்று. இவ்வாறு ஒரு நூற்றாண்டில், ஹெர்ஷலின் வெப்பமானி தொடங்கி வில்லார்ட் வரை, அவ்வரிசை முழுதும் மனிதனுக்குத் தெரிந்துவிட்டது.

ஐக்கிய நாடுகள் சபை 2015-ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாக அறிவித்தபோது, நினைவுகூரத் தக்கவற்றுள் இப்னுல் ஹைதமின் நூலுக்கு ஆயிரம் ஆண்டு என்பதையும், மாக்ஸ்வெலின் 1865 கட்டுரைக்கு நூற்றைம்பது ஆண்டு என்பதையும் ஒரே வரிசையில் வைத்தது. அவரவர்க்குரிய இடம் அதுவே. பஸ்ராவின் அறிஞர் மின்காந்த அலையைக் கண்டவர் அல்லர்; கண்ணால் காண்பதையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்று கற்பித்தவர். எடின்பரோவின் அறிஞர் தாமே காணாத அலையைக் கணக்கால் அறிந்தவர். கார்ல்ஸ்ரூவின் இளைஞர் அதைப் பிறர் காணச் செய்தவர்.

இவர்களுள் எவர் நம்மவர் என்று கேட்பதில் பயனில்லை. இப்னுல் ஹைதமின் பெயரில் நமக்கு உரிமை உண்டெனில், அவருடைய இஃதிபாரில் நமக்குக் கடமையும் உண்டு. நம் மத்ரஸாவிலும் பள்ளியிலும் பயிலும் பிள்ளை ஒருவன், ஓர் அட்டைப் பெட்டியில் ஊசித்துளை இட்டு, எதிரே மூன்று விளக்குகளை ஏற்றி வைத்து, ஒன்றை மறைத்தால் எந்தப் பொட்டு மறைகிறது என்று தானே பார்க்கட்டும். ஆயிரம் மேடைப் பேச்சுகளைக் காட்டிலும் அந்தச் சிறு சோதனை அப்பேரறிஞருக்கு நாம் செலுத்தும் சிறந்த நன்றியாகும்.